படிக்குப் பூட்டுப் போடும் முன்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் சாருக்கும், சங்கத்தில் இருக்கும் அண்ணன், அக்கா எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரக் கூட்டத்தின் தீர்மானங்களை வாட்ஸ்அப் குரூப்பில் படித்தேன். மூன்றாவது தீர்மானம் பெயர் சொல்லாமல் எங்கள் வீட்டைப் பற்றியது. கோத்தகிரி மெயின் ரோட்டிலிருந்து மேல் தெருவுக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டுவது, படியோரம் இருக்கும் தண்ணீர் டிரம்மையும் பெஞ்சையும் எடுத்துவிடுவது, ‘வெளியாட்கள் வரக்கூடாது’ என்று போர்டு வைப்பது. படியோரம் இருப்பது எங்கள் வீடு ஒன்றுதான். டிரம் என் மாமியாருடையது. பெஞ்சு என் கணவர் ஃபேக்டரியில் கழித்துப் போட்ட பலகையில் அடித்தது. அன்றைக்குப் பையனுக்குக் காய்ச்சல் என்பதால் நான் கூட்டத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் அங்கேயே பேசி முடித்திருப்பேன். குரூப்பில் பதில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். ஊரே படிக்கட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செயலாளர் சார் அதை வைத்தே என்னை மடக்கிவிடுவார். போன மே மாதம் படியில் பிராந்தி பாட்டிலை உடைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் வீட்டு அக்காவின் பேத்திக்குக் காலில் நான்கு தையல். குழந்தையின் டயப்பரைச் சுருட்டித் தேயிலைச் செடிக்குள் செருகிவிட்டுப் போகிற புண்ணியவதிகளும் உண்டு. அதை எடுத்துப் போட்டது நான்தான், எனக்குத் தெரியாதா! மேல் வீட்டில் கேஸ் சிலிண்டர் காணாமல் போனதும் உண்மை. கரடி வருவதும் உண்மை. ஆனால் கரடிக்குக் கேட் எல்லாம் ஒரு பொருட்டா? கடைக் கதவைப் பெயர்த்துப் போட்டு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற ஆள் அது. காட்டுமாடோ படிப் பக்கமே வருவதில்லை, ராஜா மாதிரி நடுரோட்டில்தான் போகிறது.

சரி, படியில் யார்தான் ஏறி இறங்குகிறார்கள்? என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருப்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். விடிந்தும் விடியாமல் இலை எடுக்கப் போகிற பெண்கள். எட்டரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஜார்கண்ட், அசாம் பையன்கள். பத்து மணிக்கு மேல் உங்களில் பல பேர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவர்கள். படியை அடைத்தால் இவர்கள் ரோடு வழியாக முக்கால் கிலோமீட்டர் சுற்ற வேண்டும், அதுவும் நடைபாதை இல்லாத வளைவில், பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கி. ‘வெளியாட்கள்’ போர்டைப் பார்த்து முதலில் திரும்பிப் போகப் போவது உங்கள் வீட்டுப் பாத்திரம் தேய்க்கிறவர்கள்தான்.

அடுத்தது சீசன். உங்கள் கோபம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தின் மேல்தான் என்று எனக்குத் தெரியும். சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். வெளியூர் வண்டிகள் மலை ஏற இ-பாஸ் என்ற முன்அனுமதி வந்த பிறகு, 2025-இல் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. வரம்புக்கு உள்ளே வருகிற வண்டிகளில் பாதி இறங்கினாலும் போதும், நம் வாசலில் தேர்த் திருவிழாதான். மூன்று நாள் ஊர் சுற்றிய களைப்பு, வழியெல்லாம் வளைவு, வயிறு நிறையப் பரோட்டா. நம் படிக்குக் கீழே இருக்கிற அகலமான இடத்தில்தான் வண்டியை ஓரம் கட்டுவார்கள். கதவு திறக்கும், ஒரு குழந்தை இறங்கி வாந்தி எடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் என் மாமியார் தூக்கத்தில்கூட எழுந்துவிடுவார்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நம் மாவட்டத்தில் 2019-இலிருந்தே தடை. நல்ல காரியம், நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாகக் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். ஆனால் திருப்பூரிலிருந்து முதல்முறை வருகிற குடும்பத்துக்கு அது எந்த வளைவில் இருக்கிறது என்று தெரியுமா? குழந்தை வாந்தி எடுத்தபின் வாய் கொப்புளிக்க ஒரு சொம்பு தண்ணீர் இல்லாமல் அந்தத் தாய் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாளே, அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அத்தை டிரம்மைப் படியோரம் கொண்டுவந்து வைத்தார். காலை ஐந்தரைக்கு விறகடுப்பில் அண்டா ஏறும். ஆறியதும் டிரம்மில் ஊற்றுவது பையன் வேலை, பள்ளிக்கூடம் போகும் முன். மழை நாளில் வெதுவெதுப்பாகவே ஊற்றச் சொல்வார் அத்தை. விறகு என்ன சும்மாவா வருகிறது என்று என் கணவர் முணுமுணுப்பார். போன வருடம் டிரம்மின் குழாய் ஒழுகியபோது லீவு போட்டு மாற்றியவரும் அவர்தான்.

தம்ளர் கணக்கைக் கேட்காதீர்கள். நான்கு வருடத்தில் பதினொன்று போயிருக்கிறது. சங்கிலி போட்டுப் பார்த்தோம், சங்கிலியோடு போயிற்று.

ஸ்வெட்டர் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். சட்டையெல்லாம் நனைந்து நடுங்கிய ஒரு பிள்ளைக்கு, கொடியில் காய்ந்த என் மகளின் மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிவிட்டார் அத்தை. மகள் டியூஷனிலிருந்து வந்து இரண்டு நாள் அப்பாயியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அத்தை தன் பென்ஷன் காசில் மெரூன் நிறத்தில் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார். அதற்கு அவள் சொன்னது: “மறுபடி யாருக்காவது குடுக்கணும்னா இதைக் குடு, மஞ்சள்தான் எனக்குப் பிடிச்சது.”

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். அண்ணன்மாரும் படிக்கட்டும். வண்டி இரண்டு மணி நேரம் நகராமல் நின்றால் ஆண்கள் ஓரமாக ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் எங்கே போவார்கள்? சர்க்கரை இருக்கிற பாட்டி, மாதவிலக்கு நேரத்துப் பெண், வயிற்றுப் பிள்ளைக்காரி என்று எல்லாரும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். “அக்கா, உங்க வீட்ல…” என்று இழுக்கும்போதே நான் பின்கட்டைக் காட்டிவிடுவேன். சித்ரா பௌர்ணமியை ஒட்டி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு பேர். எங்கள் செப்டிக் டேங்கும் மனுஷ ஜென்மம்தானே, அன்று ராத்திரி அது பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

நல்லவர்கள் மட்டும்தான் வருகிறார்கள் என்று நான் சாதிக்கப் போவதில்லை. பர்ஸ் தொலைந்துவிட்டது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மேட்டுப்பாளையம் போனதும் ஜி-பே பண்ணிவிடுகிறேன் என்று ஒருவர் ஐந்நூறு ரூபாய் வாங்கிப் போனார். அந்தப் பணம் இன்னும் மேட்டுப்பாளையம் போய்ச் சேரவில்லை. என் கணவர் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை வெற்றிலையை மடித்தபடி, “அந்தப் புள்ளைக்கு மெய்யாலுமே காய்ச்சல்டா, நான் தொட்டுப் பாத்தேன்” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை.

அத்தை ஏன் இப்படி என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவரிடம் நேரில் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1974-இல் அட்டன் பக்கத்து லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி பண்ணிவிட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள். அப்புறம் ரயில், பஸ் என்று இந்த மலை. தாயகம் திரும்பியவர்களுக்காகவே அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை, பின்னாளில் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது அதுதான். அத்தைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இடுப்பில் எட்டு மாதக் குழந்தையாக என் கணவர். அங்கேயும் மலைதான், தேயிலைதான், ஆனாலும் ஆடிக் காற்றில் நம் ஊர்க் குளிர் வேறு தினுசு. கொடுத்த அறையில் கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி, போர்த்த ஒரு சேலை. பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் கிராமத்திலிருந்து, ஒரு வயதான அம்மாள், மண்சட்டி நிறையக் கங்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்குமாக வந்தாராம். அவர் பேசியது அத்தைக்குப் புரியவில்லை, அத்தை பேசிய தமிழும் அவருக்குச் சரியாகப் புரிந்திருக்காது. சட்டியைக் குழந்தைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கங்கின் மேல் சாம்பலை எப்படி மூடினால் விடியும்வரை சூடு நிற்கும் என்று கையாலேயே செய்து காட்டிவிட்டுப் போனார். இன்றைக்கும் அத்தை அடுப்புச் சாம்பலை அப்படித்தான் மூடுகிறார். அந்த அம்மாளின் பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்பது மட்டும் அவருக்குத் தீராத குறை.

இரண்டு வருடத்துக்கு முன் ஜார்கண்ட் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு, வெறுங்காலோடு, நம் படியில் ஏற முடியாமல் உட்கார்ந்திருந்தாள். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அத்தை தன் கம்பளிச் சாக்ஸைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டு, ஒரு தம்ளர் தேத்தண்ணி கொடுத்தார். இப்போது அந்தப் பெண் ஞாயிறுதோறும் வருகிறாள். அத்தையிடமிருந்து கற்ற இலங்கைத் தமிழில் என்னை அதட்டுகிறாள்.

இனி செயலாளர் சாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2009 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். மலை முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன மழை அது. நம் ரோட்டில் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் மண் மூடி, நடுவில் ஒரு பஸ் மாட்டிக்கொண்டது. கரண்டு இல்லை, போன் இல்லை. டார்ச்சோடு போய் பஸ்ஸில் இருந்தவர்களைப் படி வழியாக அழைத்துவந்தது நம் தெருப் பையன்கள். எங்கள் வீட்டில் பதினேழு பேர், தலைவர் ஐயா வீட்டில் பத்துப் பேர், மீதி கோயில் மண்டபத்தில். என் மகளுக்கு அப்போது ஒரு வயது. அவளை யாரோ ஒரு கல்லூரிப் பெண் மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்க, நான் கஞ்சிக்கு அரிசி களைந்தேன். அந்தப் பதினேழு பேரில் உங்கள் மனைவியின் தம்பியும் ஒருவர். அப்போது அவர் உங்களுக்கு மச்சான் ஆகியிருக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். படியில் பூட்டு இருந்து, சாவி உங்கள் பீரோவில் இருந்து, நீங்கள் கோயம்புத்தூர் போயிருந்தால் அன்றைக்கு என்ன பண்ணியிருப்போம்?

ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை என்பதால் வாசல் ஆணியில் இரண்டு குடை மாட்டி வைக்கிறோம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்று. மூன்று குடை போனது. ஒன்று திரும்பி வந்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து. யாரோ பஸ்ஸில் கொடுத்து, “அரவேணு தாண்டி, படியோரம் டிரம் இருக்கிற வீடு” என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போனார். டிரம்மை எடுத்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு அடையாளமும் போய்விடும்.

வெறுமனே வேண்டாம் என்று சொன்னால் உங்களுக்கு எரிச்சல் வரும் என்பதால் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். கேட் போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், தாழ்ப்பாள் மட்டும் போதும், பூட்டு வேண்டாம். படியின் நடுவே எரியாமல் கிடக்கும் லைட்டை முதலில் மாற்றுங்கள், பாட்டில்காரர்கள் இருட்டைத் தேடித்தான் வருகிறார்கள். கீழே மூடியுள்ள ஒரு குப்பைத் தொட்டி வேண்டும். பொழுது சாய்வதற்குள் நானே உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன், கரடிக்கு வேலை இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் சனி ஞாயிறில் சங்கக் கட்டட பாத்ரூமைப் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும். சுத்தம் பண்ண ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு வைப்போம். மாதாமாதம் சந்தா கட்டுகிறோம், வருடத்தில் இரண்டு கொடியேற்றத்துக்கு மட்டும் திறக்கிற கட்டடத்துக்கு டைல்ஸ் போட்ட பாத்ரூம் எதற்கு? இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். போர்டு வைக்க ஆசை இருந்தால் ‘இங்கே குப்பை போடாதீர்கள், தண்ணீர் இருக்கிறது’ என்று வைக்கலாம். எழுத என் மகள் இருக்கிறாள், அவளுக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நான் கட்டாயம் வருகிறேன். அத்தையும் வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். முட்டி வலியால் மேல் தெருவரை ஏற முடியாது, நாற்காலியோடு தூக்க இரண்டு பையன்களைக் கீழே அனுப்புங்கள். அன்றைக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி எங்கள் வீட்டிலிருந்து வரும், இஞ்சி தட்டிப் போட்டு. தம்ளரை மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படியோரத்து வீட்டு மருமகள்