பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு விதி எழுதும் முன் குமரிக் கரையைக் கேளுங்கள்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கும், கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம். பொழுதுபோக்காகவும் விளையாட்டாகவும் தூண்டில் போடுவோருக்கான விதிகளை வகுக்கும்போதும் திருத்தும்போதும், இந்தக் கடிதத்தைக் குமரி மாவட்டக் கடலோரவாசி ஒருவனின் கருத்தாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன். நானும் ராடும் ரீலும் வைத்துத் தூண்டில் போடுகிறவன்தான். ஆகவே இந்தப் பொழுதுபோக்கைத் தடை செய்யும்படி நான் கேட்கவில்லை. மகிழ்ச்சிக்காக மீன் பிடிப்பவர் பிழைப்புக்காக மீன் பிடிப்பவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பதை விதியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பரப்பை விசைப்படகுகளிடமிருந்து காத்து, கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் ஒதுக்கியது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்கள் வந்து நிற்பதும் இதே பரப்பில்தான். எனவே முதலில் தெளிவாக வேண்டியது, யார் பொழுதுபோக்குத் தூண்டில்காரர் என்கிற வரையறை. கருவியை வைத்து வரையறுத்தால், கட்டுமரத்தில் போய்க் கைத்தூண்டிலில் களவா மீன் பிடித்து வரும் முதியவரும், பழையாற்றங்கரையில் மண்புழு கோத்து உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளையும் உரிமச்சீட்டுக்கு வரிசையில் நிற்க நேரிடும். அது பெரும் அநியாயம். மீன்பிடிப்பைத் தொழிலாகக் கொள்ளாமல், படகை வாடகைக்கு எடுத்தோ சொந்தப் படகிலோ விளையாட்டுக்காகக் கடலுக்குள் போகிறவருக்கு மட்டுமே உரிமம் என்று வையுங்கள். அவர் பிடித்த மீன் வீட்டுச் சமையலுக்குப் போகலாம். ஏலத்துக்கும் உணவகத்துக்கும் போகக் கூடாது. வார இறுதியில் ஒருவர் உணவகத்துக்கு விற்கிற நெய்மீன், டீசலுக்குக் கடன் வாங்கிப் போய் வந்த ஒரு குடும்பத்தின் விலையைத்தான் குறைக்கிறது.

அடுத்தது, பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட்டால் குற்றமில்லை என்ற எண்ணம். ஆழமில்லாத ஆற்று மீனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். எங்கள் கடலின் பார்களில், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளில், ஆழத்தில் கிடக்கும் களவாவுக்கு அது பொருந்தாது. 40 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைப் போல் 5 மடங்கு. அங்கிருந்து மீனை வேகமாக மேலே இழுக்கும்போது அதன் காற்றுப்பை உப்பி, இரைப்பையை வாய் வழியே தள்ளிவிடுகிறது. அப்படிப்பட்ட மீனைப் படம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டால், அது கீழே இறங்க முடியாமல் மிதந்து, வெயிலிலும் பறவைகளின் அலகிலும் சாகிறது. இதைத் தடுக்க வழி உண்டு: எடை கட்டிய கவ்வியில் மீனை மாட்டி, அது வந்த ஆழத்துக்கே இறக்கி விடுவிக்கலாம். ஆழ்கடல் தூண்டிலுக்குப் போகும் ஒவ்வொரு வாடகைப் படகிலும் இந்தக் கருவி இருக்க வேண்டும் என்பதையும், முனையில் பின்னோக்கிய கொடுக்கு இல்லாத தூண்டில் முட்களையே பயன்படுத்த வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள்.

பெரிய மீனே பெருமை என்ற போட்டி மனப்பான்மையையும் விதி கட்டுப்படுத்த வேண்டும். களவா இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்த பின் ஆணாக மாறுபவை. கொடுவா மீன் இதற்கு நேர்மாறாக ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய களவாவை மட்டுமே தேடிப் பிடித்தால் பாரில் ஆண் மீன்கள் அருகிப்போகும். மணக்குடிக் காயலிலும் தேங்காய்ப்பட்டணம் ஆற்றுமுகத்திலும் பெரிய கொடுவாக்களைப் பிடித்தால் முட்டையிடும் தாய்மீன்கள் போய்விடும். இந்த இரண்டு இனங்களுக்கும் குறைந்தபட்ச அளவோடு அதிகபட்ச அளவும் வேண்டும். கேரளம் 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்திருக்கிறது; கேரள எல்லையிலுள்ள நீரோடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீந்துவது ஒரே மீன்தான். எங்களுக்குப் பொருந்தும் அளவுகளைச் சொல்ல விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமே இருக்கிறது. அவர்களையும் கேளுங்கள், களவாவைக் கையால் தூக்கியே எடை சொல்லும் எங்கள் ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள்.

தடைக்காலத்தில் எங்கள் மாவட்டத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இந்த இரண்டு கரைகளும் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே சந்திக்கின்றன. கிழக்குக் கரையின் சின்னமுட்டத்து விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் ஏப்ரல், மே நாட்களில் மேற்குக் கரையின் குளச்சல் படகுகள் கடலுக்குப் போகும்; ஜூன் பாதிக்குப் பிறகு அது தலைகீழாகும். தடைக்கு உட்பட்ட தொழிலாளியின் படகு கட்டிக்கிடக்கையில், அவர் கண்ணெதிரே வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகைப் படகு தூண்டில் போடப் போவதைச் சட்டம் அனுமதிக்கலாகாது. படகு எங்கே பதிவானது என்பதை வைத்து முடிவு செய்தால், ஒரு கரையின் படகு மறு கரைக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளும். ஆகவே முள் இறங்கும் இடத்தில் எந்தத் தடை நடப்பில் இருக்கிறதோ, அதுவே பொழுதுபோக்குப் படகையும் கட்டுப்படுத்த வேண்டும்.

கரையில் நிற்பவருக்கு அதிக விதிகள் தேவையில்லை. கரையில் நின்றே இழுக்கும் பெருவலையான கரைமடி இழுக்கும் இடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். திடீரெனப் பேரலை எழும் கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை வந்த நாளில், கரையைக் காக்கக் கடலுக்குள் கட்டிய தூண்டில் வளைவுகளின் பாறைகள்மீது யாரும் ஏறக் கூடாது. 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. சுசீந்திரம் – தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டு ஈரநிலங்களும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. அறுந்துபோன தங்கூசி நரம்பு (தூண்டிலின் நைலான் இழை) அங்குள்ள பறவைகளின் காலிலும் இறக்கையிலும் சுற்றிக்கொண்டால் அவற்றுக்கு விடுதலை இல்லை. ஆகையால் அந்தக் குளங்களில் பொழுதுபோக்குத் தூண்டில் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, கருத்து கேட்கும் முறை பற்றி. ஆங்கில வரைவை இணையத்தில் போட்டு, மின்னஞ்சலில் பதில் கேட்டால், நகரத்துத் தூண்டில் குழுக்களின் குரல் மட்டுமே உங்களை வந்தடையும். நாகர்கோவிலில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டம் ஒன்று மட்டும் போதாது. தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். எங்கள் கரையில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. வரைவைத் தமிழில் அச்சிட்டு முன்கூட்டியே ஊர்களுக்குக் கொடுத்து, மேற்குக் கரைத் தடைக்காலமான ஜூன், ஜூலை ஞாயிறுகளில், தேவாலயப் பூசைக்குப் பிறகு, நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள ஊர்களின் சமூகக் கூடங்களில் அமர்ந்து கேளுங்கள். மீன் விற்கும் பெண்களையும் அழையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த சந்தைக் கணக்கு எந்தக் கோப்பிலும் இருக்காது. கேட்டவற்றில் எதை ஏற்றீர்கள், எதை எந்தக் காரணத்தால் ஏற்கவில்லை என்பதையும் அதே கூடங்களில் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் கடலோரவாசி ஒருவன்