கீழ்ப்படியாத அம்மாக்கள்

பாளையங்கோட்டை

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததென்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விட்டுக்கொள்; மருந்து என்றாலே உனக்கு மறதி வந்துவிடும். இங்கே எல்லோரும் சுகம். ஓய்வு பெற்றதிலிருந்து இவர் சமையலறைக்குள் புகுந்து டப்பாக்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறார். உளுந்து எது, பச்சரிசி எது என்று இத்தனை வருடம் தெரியாமலா சமைத்தேன்?

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். முதுகலை மாணவிகளுக்கு நடத்தப்போகும் வகுப்புக்கு ‘சீன-அமெரிக்கப் புனைகதையில் தாய், மகள்: பண்பாட்டு மோதல்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. அந்தத் தலைப்பைக் கண்டவுடனே பிள்ளைகள் நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்துவிடுவார்கள். இந்தப் பக்கம் சீனா, கீழ்ப்படிதல், அம்மா. அந்தப் பக்கம் அமெரிக்கா, சுதந்திரம், மகள். மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் கதைகள் சொல்வது வேறு.

ஏமி டானின் ‘ஜாய் லக் கிளப்’பையே எடுத்துக்கொள். 1989இல் வந்த நாவல். சான் பிரான்சிஸ்கோவில் மாஜாங் என்ற சீனக் காய் விளையாட்டு ஆடக் கூடும் நான்கு சீன அம்மாக்கள், அவர்களுடைய நான்கு மகள்கள். அந்த அம்மாக்களில் யார் கீழ்ப்படிந்தவள் என்று மாணவிகளைக் கேட்டுப் பார். லிண்டோவுக்கு 2 வயதிலேயே மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டது. 12 வயதில் மாமியார் வீட்டுக்குப் போகிறாள், 16இல் கல்யாணம். இரண்டு முனையிலும் எரியும் சிவப்பு மெழுகுவர்த்தி விடியும்வரை அணையாமல் இருந்தால் அந்த பந்தம் அறாது என்பது நம்பிக்கை. கணவன் பக்கத்துச் சுடரை லிண்டோ நள்ளிரவில் ஊதி அணைக்கிறாள். பிறகு முன்னோர்கள் கனவில் வந்து எச்சரித்ததாக ஒரு கதை கட்டி, மாமியாரைப் பயமுறுத்தி, அவள் கையாலேயே பணமும் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறாள். யார் மானத்துக்கும் குறைவு வரவில்லை. என்ன சாமர்த்தியம்! யிங்-யிங் தன்னைக் கைவிட்டுப் போன முதல் கணவன் மேலிருந்த வெறுப்பில் வயிற்றுப் பிள்ளையையே கலைத்தவள். ஆன்-மெய்யின் தாய் ஒரு பணக்காரனின் வீட்டில் சிறுமைப்பட்டுக் கிடந்தவள். புத்தாண்டுக்குச் சற்று முன்பு நாள் பார்த்து அபின் தின்று சாகிறாள். இறந்தவளின் ஆவி மூன்றாம் நாள் கணக்குத் தீர்க்க வரும் என்ற பயத்தில், அந்த மனிதன் அவள் பிள்ளைகளைக் கௌரவமாக வளர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறான்.

இப்போது மகள்களைப் பார். படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள். ஆன்-மெய்யின் மகள் ரோஸுக்காக எல்லா முடிவையும் கணவன் டெட் எடுக்கிறான். அவன் விவாகரத்துக் கேட்டு நிற்கும்போதுகூட அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. யிங்-யிங்கின் மகள் லீனாவும் அவள் கணவன் ஹரால்டும் வீட்டுச் செலவைச் சரிபாதியாகப் பிரித்து, குளிர்பதனப் பெட்டியின் மேல் பட்டியல் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஐஸ்கிரீமும் இருக்கிறது. லீனா ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவளே அல்ல; அவ்வளவு காலமும் பாதி விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை வந்த இடத்தில் கண்டுபிடித்துச் சொல்வது அம்மா யிங்-யிங். சமத்துவம் என்ற பெயரில் நடக்கும் அந்தக் கணக்கை, மாமியார் கொடுமை என்றால் என்னவென்று தெரிந்த தலைமுறைதான் ஒரே பார்வையில் பிடிக்கிறது. மகள் அமெரிக்கக்காரி ஆகிவிட்டாள் என்பதா இந்த அம்மாக்களின் ஆற்றாமை? தங்களிடம் இருந்த துணிச்சல் மகளுக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஏன் வந்து சேரவில்லை என்றால், அம்மாக்கள் அந்தக் கதைகளைச் சொல்லவில்லை, அல்லது பாதி சொன்னார்கள். இங்கே நீ சரித்திரத்தைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவர வேண்டும். 1875ஆம் ஆண்டுச் சட்டம் சீனப் பெண்கள் அமெரிக்காவுக்குள் வருவதைக் கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்களைத் தடுத்தது. அது 1943இல்தான் நீங்கியது. அப்போதும் ஆண்டுக்கு 105 பேருக்கு மட்டும் அனுமதி. 1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு சீனாவின் கதவும் சாத்திக்கொண்டது. அமெரிக்க அதிபர் நிக்ஸன் பெய்ஜிங் போனது 1972இல், தூதரக உறவு ஏற்பட்டது 1979இல். நாவலில் சூயுவான், ஜப்பானியப் படைக்குத் தப்பி குவெய்லினிலிருந்து ஓடும்போது இரட்டைக் குழந்தைகளைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு வருகிறாள். எத்தனையோ வருடம் கடிதம் எழுதித் தேடுகிறாள். போய்ப் பார்க்க வழியில்லாத அவள், வீட்டில் இருக்கும் மகள் ஜிங்-மெய்யைப் பியானோ மேதையாக்கப் படாதபாடு படுகிறாள். அந்த மகள் ஒருநாள், நானும் அந்தக் குழந்தைகளைப் போலச் செத்துத் தொலைந்திருக்கலாம் என்று கத்திவிடுகிறாள். அம்மா அப்படியே பேச்சற்று விலகிப் போகிறாள். இதைப் பண்பாட்டு மோதல் என்று எழுதி மதிப்பெண் போடுவாயா நீ?

மாக்சின் ஹாங் கிங்ஸ்டனின் ‘தி வுமன் வாரியர்’ நூலை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே. 1976இல் தன்வரலாறு என்ற பெயரில் வந்து பரிசு வாங்கிய புத்தகம்தான், ஆனாலும் அதில் பாதி கற்பனை. உன் தலைப்புக்குள் தாராளமாக அடங்கும். அதில் வரும் அம்மா சீனாவில் மருத்துவம் படித்தவள். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊரில் சலவைக்கடையில் கஞ்சி போட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் மனத்துக்குள் 200க்கு மேற்பட்ட விஷயங்களைச் சேர்த்து வைத்திருக்கிறாள், அம்மாவிடம் சொல்வதற்கென்று. இரவுக்கு ஒன்றாகச் சொல்ல ஆரம்பிக்கிறாள். அம்மாவோ அலுத்துப்போய், தினமும் என்ன பிதற்றல், போய் வேலையைப் பார் என்று விரட்டுகிறாள். நாள் முழுக்க உழைத்தவளுக்குக் கிடைக்கும் ஒரே அமைதியான நேரம் அதுதானே. பின்னொரு நாள் மகள் வெடித்துக் கத்துகிறாள், என் நாக்கை அறுக்கப் பார்த்தாய், அது பலிக்கவில்லை என்று. நீ அதிகம் பேசவேண்டும் என்றுதான் அறுத்தேன், முட்டாளே என்கிறாள் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெகுநேரம் வேறெதுவும் படிக்க முடியவில்லை.

சீன-அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் சின்னின் குற்றச்சாட்டையும் வகுப்பில் சொல்லிவிடு. வெள்ளைக்கார வாசகர்களுக்குப் பிடித்த மாதிரி சீனத் தொன்மங்களைத் திரித்துவிட்டார்கள் என்று கிங்ஸ்டன், டான் இருவர் மேலும் அவர் பாய்ந்தார். முதுகில் எழுத்துச் செதுக்குவது யுவே ஃபெய் என்ற தளபதியின் கதை, அதை ஆண் வேடமிட்டுப் போருக்குப் போன முலானின் கதையில் ஒட்டவைத்துவிட்டார் கிங்ஸ்டன் என்பது உண்மைதான். ஆனால் அரைகுறையாகக் கேட்ட கதையை ஒரு மகள் தன் பாட்டுக்கு நிரப்பிக்கொள்வதுதானே அந்தப் புத்தகமே! டான் நாவலில் சீனாவில் வரும் கணவன்மாரெல்லாம் அநேகமாக உதவாக்கரைகள் என்ற குறையை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். அது கொஞ்சம் வசதியான ஏற்பாடு.

நேரம் இருந்தால் ஃபே மியென் இங்கின் ‘போன்’ (Bone, எலும்பு; 1993) நாவலையும் சேர். அங்கே அம்மா தையல் வேலை பார்க்கிறவள், மூன்று பெண்களில் நடுப்பெண் மாடியிலிருந்து குதித்துவிட்டாள். மாஜாங் மேசையும் வேடிக்கைப் பேச்சும் அங்கே கிடையாது. வறுமை என்று ஒன்று இருப்பதை மாணவிகள் மறக்காமலிருக்க அது உதவும். இன்னொன்று, தயவுசெய்து ‘நம் வீடுகளிலும் இப்படித்தான்’ என்று கட்டுரை எழுதச் சொல்லாதே. 1882ஆம் ஆண்டுச் சட்டம் நம் வீட்டுக்கு வரவில்லை.

‘ஜாய் லக் கிளப்’பில் ஒரே ஓர் இடத்தை நிறுத்திப் படிக்க நேரம் இருந்தால் நண்டு விருந்தைப் படி. சீனப் புத்தாண்டு. தட்டில் ஒரு நண்டுக்குக் கால் இல்லை. எல்லோரும் நல்லதாகப் பார்த்து எடுக்கிறார்கள். ஜிங்-மெய் அந்த ஊனமான நண்டை எடுக்கப் போகிறாள், அம்மா தடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொள்கிறாள். அதே விருந்தில் லிண்டோவின் மகள் வேவர்லி, ஜிங்-மெய்யின் விளம்பர எழுத்து வேலையைக் கேலி செய்யும்போது, சூயுவானும் வேவர்லி பக்கமே பேசுவதுபோல் இருக்கிறது. இரவு சமையலறையில்தான் சொல்கிறாள், அந்த நண்டை நீ மட்டும்தான் எடுத்திருப்பாய், எனக்கு முன்பே தெரியும் என்று. கழுத்திலிருந்த பச்சைக்கல் பதக்கத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். மகளுக்குப் பாராட்டா, பரிதாபமா என்று விளங்கவில்லை. அம்மா சீக்கிரமே இறந்துவிடுவதால் கேட்கவும் முடியவில்லை.

அதோடு ஒப்பிட்டால் கடைசியில் ஷாங்காய் விமான நிலையத்தில் ஜிங்-மெய்யும் உயிரோடிருந்த அந்த இரட்டையருமாகச் சகோதரிகள் மூவரும் கட்டிக்கொண்டு, போலராய்டு படத்தில் அம்மாவின் முகத்தைக் காணும் இடம் எனக்குக் கொஞ்சம் இனிப்புத் தூக்கல். நீ அந்தக் காட்சிக்கு அழுதவள், விட்டுக்கொடுக்க மாட்டாய். உன் வாதத்தை எழுது. கண் கூசினால் யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பு. தை பிறந்ததும் அங்கே வர உத்தேசம், இவரையும் டப்பாக்களையும் பிரிக்க முடிந்தால்.

அன்புடன்,
கோமதி