எஞ்சின் கேட்பதும் குழாய் கேட்பதும்

அன்பு மகளுக்கு,

கார் எஞ்சின் மாட்டிய உன் குட்டி விமானத்துக்கு ஏவ்கேஸ் என்கிற விமானப் பெட்ரோல் ஊற்றுவதா, கார் பெட்ரோலா என்று கேட்டிருந்தாய். எஞ்சினைக் கேட்டால் கார் பெட்ரோல் என்றுதான் சொல்லும். ஈயம் இல்லாத எரிபொருளுக்காகவே செய்த எஞ்சின் அது. 100எல்எல் என்கிற நீல நிற ஏவ்கேஸில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பிளக்கில் படியும், ஆயிலில் இறங்கிச் சகதியாகும், ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். வேறு வழியில்லாத இடத்தில் எப்போதாவது ஊற்றிக்கொள், அப்புறம் ஆயிலைச் சீக்கிரம் மாற்றிவிடு.

எனக்குக் கவலை எஞ்சினைப் பற்றி இல்லை, எரிபொருள் போகும் குழாயைப் பற்றித்தான். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. நீ அதை எங்கே வைத்திருக்கிறாய்? சூடான எஞ்சின் பக்கம் வைத்து, தூரத்து டேங்கிலிருந்து உறிஞ்சவிட்டால், உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சினுக்கு ஒன்றும் போகாது. எவ்வளவு சுலபமாக ஆவியாகும் என்பதைக் காட்டும் ஆவியழுத்தத்துக்கு, ஏவ்கேஸில் 49 கிலோபாஸ்கல் உச்சவரம்பு உண்டு. கார் பெட்ரோல் பெரும்பாலும் அதைத் தாண்டும், குளிர்காலக் கலவை இன்னும் அதிகம். குளிரில் வாங்கி வைத்ததை வெயில் வந்த பிறகு ஊற்றிப் பறப்பதுதான் இருப்பதிலேயே மோசம். பம்பை டேங்குக்குப் பக்கத்தில், கீழே இறக்கி வை. மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகக் குழாய் போடு.

எத்தனால் என்கிற ஆல்கஹால் கலக்காத பெட்ரோலாகப் பார்த்து வாங்கு. வாய்வார்த்தையை நம்பாதே. நீளமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போடு. மேலே பெட்ரோலை நிரப்பி, மூடிக் குலுக்கி, நிறுத்தி வை. இரண்டும் பிரிந்த பிறகு தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் எத்தனால் இருக்கிறது. தண்ணீர் அதைப் பெட்ரோலிலிருந்து இழுத்துக்கொண்டுவிட்டது. டேங்கிலும் இதேதான் நடக்கும். ஈரத்தைக் குடித்த எத்தனால், மேலே போய்க் குளிர்ந்ததும் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் முதலில் குடிப்பது அந்த அடியைத்தான்.

ஆக்டேன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண் அது. சாலையில் கார் முழு பலத்தோடு ஓடுவது சில நொடிகள். உன் எஞ்சினோ மேலேறும்போது நிமிடக்கணக்கில் அப்படியே இழுக்க வேண்டும். நாக்கிங் வந்தாலும் ப்ரொப்பெல்லர் சத்தத்தில் உன் காதுக்குக் கேட்காது.

சரி, டேங்க் எதில் செய்தாய்? கண்ணாடி இழை என்றால், இழையை ஒட்டிப் பிடிக்க எந்த ரெசின் போட்டாய் என்று எழுது. சில ரெசின்களை எத்தனால் இளக்கிவிடும்.

அன்புடன்,
அப்பா