சான்றிதழ் சுவரில், பிள்ளைகள் வீட்டில்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் பி.பார்ம் (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) முடித்துவிட்டாள். நாலு வருஷத்துக் கட்டணம், விடுதி, பஸ் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, அதற்காக அடகு வைத்த நகையை இன்னும் மீட்கவில்லை. எங்கள் ஊர் மருந்துக்கடையில் அவளுக்குச் சொல்லும் சம்பளம் மாதம் 11,000. இன்னொரு கடைக்காரர் நேராகவே கேட்டார், "பாப்பா வரவே வேண்டாம் சார், சர்டிபிகேட்டை மட்டும் மாட்டக் கொடுங்க, மாசாமாசம் ஒரு தொகை தர்றேன்." அவள் மறுத்துவிட்டாள், எனக்கு அதில் பெருமைதான்.

பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவு. ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், பத்தாவது படித்த பையன் அட்டையைக் கத்தரித்து, சீட்டே இல்லாமல் ஆன்டிபயாட்டிக் இரண்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பான். அந்த இடம்தான் எங்கள் பிள்ளைகளின் வேலை.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்கள், அதாவது அரசு மானியத்தோடு நாமே நடத்தும் மலிவு விலை மருந்துக்கடைகள், படித்தவர்களுக்கு ஒரு வழி, சரி. அந்த மானியம் கிடைத்தாலும், நகையே அடகில் இருக்கும்போது மீதி முதலுக்கு எங்கே போவது? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாலை நேரத்தில் சோதனைக்கு வரட்டும், சான்றிதழில் உள்ள ஆள் கவுன்டரில் நிற்கிறாரா என்று மட்டும் பார்க்கட்டும்.

ஒரு தந்தை,
விழுப்புரம்