மிளகாய்க் களிம்புக்கு ஒரு தமிழ்ச் சீட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். கோத்தகிரியில் குளிர் இறங்கினால் பாதத்தில் ஊசி குத்துகிற எரிச்சல் ஏறிவிடும். நீலகிரித் தைலம் அரை பாட்டில் தேய்த்தும் பயனில்லை. டாக்டர் 0.075 சதவீத கேப்சைசின் களிம்பு எழுதினார். மிளகாயின் காரச்சத்துதான். வலியைக் கடத்தும் நரம்பு முனைகளை மெல்ல மந்தமாக்குமாம். தினம் 3, 4 முறை, சில வாரம் விடாமல் பூச வேண்டும். முதல் வாரம் எரிச்சல் கூடத்தான் செய்தது. பூசியதும் கையைக் கழுவ வேண்டும் என்று மருந்துக் கடையில் யாரும் சொல்லவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு அன்றிரவு நான் பட்ட பாடு! இப்போது கம்பளி பாதத்தில் பட்டாலும் தூங்க முடிகிறது. புண், வெடிப்பு மேல் பூசக் கூடாது. பூசிய காலை நெருப்புச் சட்டி அருகே நீட்டவும் கூடாது. இதையெல்லாம் கடைக்காரர்கள் தமிழில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன?

ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்,
கோத்தகிரி