துப்பாக்கியோடு வந்து ஓட்டோடு போனவர்

அன்புள்ள மூர்த்தி,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் சிவா சொன்னான். நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். செல்வியின் காலேஜ் விஷயத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது என் மண்டை முழுக்க ஒரே ஆள்தான்: மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டை ஆண்ட மத்தியூ கெரெக்கூ.

"இன்னொரு பட்டாளத்துக்காரனா?" என்பாய். துப்பாக்கியோடு வந்தவன் தானாக இறங்கவே மாட்டான் என்று நீயும் சண்முகமும் கட்சி கட்டிக்கொண்டு பேசியது எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

தஹோமி என்று இருந்த அந்த நாட்டில், மூன்று தலைவர்கள் ஆளுக்கு இரண்டு வருஷம் என்று நாற்காலியைப் பங்கு போட்டிருந்தார்கள். 1972 அக்டோபரில் மேஜர் கெரெக்கூ ஆட்சியைப் பிடித்து மூவரையும் காவலில் வைத்தார். அவர்கள் வெளியே வர 1981 ஆனது. 1974-இல் மார்க்சிய லெனினியமே அரசின் கொள்கை என்றார். மறு வருஷம் நாட்டுக்குப் பெனின் என்று பெயர் வைத்தார். அதே வருஷம் அவருடைய உள்துறை அமைச்சர் ஐக்பே, அதிபரின் காவல்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்த்தவர்கள் சிறையில் சித்திரவதைப்பட்டார்கள். நல்லவர் என்று நான் வக்காலத்து வாங்கவில்லை, மூர்த்தி.

ஆனால் 1990-ஐப் பார். அரசு வங்கிகள் திவால். ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை, மாணவர்கள் தெருவில். வேறு வழியில்லாமல் அந்த நாட்டின் பெரிய நகரமான கொத்தொனூவில் ஒரு ஓட்டலில் தேசிய மாநாட்டைக் கூட்டினார். ஏறக்குறைய 500 பேர். அவர் அடைத்து வைத்த பழைய தலைவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பேராயர் இசிதோர் டி சூசா தலைமை. வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இனி இந்த மாநாடே நாட்டின் உச்ச அதிகாரம் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்! வானொலியில் நாடே கேட்டுக்கொண்டிருந்தது. படை அவர் கையில் இருந்தது. ஒரு உத்தரவில் எல்லோரையும் லாரியில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை, தீர்மானத்தை ஒப்புக்கொண்டார். 1991 தேர்தலில் நிசெபோர் சோக்லோவிடம் தோற்றதையும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார். 1996-இல் அதே சோக்லோவை ஓட்டில் வென்று திரும்பி வந்தார். 2006-இல், இரண்டு முறைதான், 70 வயதுக்கு மேல் போட்டியிட முடியாது என்று சட்டம் சொன்னதும் மறுபடி இறங்கினார்.

என் கணிப்பைச் சொல்கிறேன். அவர் மனம் மாறியது பாதிதான் காரணம். பதவியை விட்டால் வழக்கு கிடையாது என்று அவருக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். பயமில்லாமல் வெளியே போக ஒரு வாசல் இருந்தது. சிறையில் அடிபட்டவனுக்கு அது எப்படி வலித்திருக்கும்! அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் ரத்தம் சிந்தாமல் ஆட்சி கைமாறியதே, அது சின்ன விஷயமா?

பக்கத்து டோகோவிலும் 1991-இல் இதே மாதிரி மாநாடு நடந்தது. அங்கே அதிபர் எயாதெமாவின் சிப்பாய்கள் டிசம்பரில் பிரதமரையே பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரே எல்லை, இரண்டு விதமான முடிவு. ஏன்? எயாதெமாவின் பட்டாளத்தில் பெரும்பாலும் அவருடைய சொந்த இனத்தார், அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். சண்முகத்திடமும் காட்டிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
ராகவன்