நகரத்தின் இரைச்சலையும் எங்களுக்குக் கேட்கக் கொடுங்கள்

நகர ஒலிகளைக் கண்காட்சியாக அமைக்கும் அருங்காட்சியகத்தாருக்கும் ஒலிக் கலைஞர்களுக்கும்,

வணக்கம். அண்மையில் அப்படியொரு கண்காட்சிக்குப் போய்வந்தேன். முதலில் நன்றி சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அரையிருட்டு. சுற்றிலும் தலைக்கு மேலும் ஒலிபெருக்கிகள். முன்பின் அறியாதவர்கள் கூட்டமாக நின்று, வாய் திறக்காமல் ஒரு நகரத்தைக் கேட்டோம். வலப்பக்கம் எங்கோ புறப்பட்ட ரயில் முதுகுக்குப் பின்னால் ஓடி இடப்பக்கம் மறைந்தபோது, எல்லார் தலையும் அதன் பின்னாலேயே திரும்பியது.

ஓர் ஓசை ஒரு காதை எட்டுவதற்கும் மறுகாதை எட்டுவதற்கும் உள்ள இடைவெளி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடைவெளியையும் இரு காதுகளிலும் விழும் அளவின் வேறுபாட்டையும் வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுகொள்கிறது. 1970களில் பிரிட்டனில் மைக்கேல் கெர்சன் முதலானோர் வளர்த்தெடுத்த ஆம்பிசோனிக்ஸ் முறை, வெவ்வேறு திசை பார்க்கும் நான்கு மைக்குகளால் ஓரிடத்தின் ஒலியைச் சுற்றுமுற்றும் பிடித்து, வேறோர் அறையில் அப்படியே விரித்துக் காட்டுகிறது. இந்த நுட்பத்தையெல்லாம் நீங்கள் அருமையாகவே கையாள்கிறீர்கள். என் மனக்குறை அங்கே இல்லை.

குறை ஒலியின் அளவில் இருக்கிறது. நள்ளிரவுத் தெருவும், கான்கிரீட்டை உடைக்கும் இயந்திரமும், காலைப் பறவைகளும் அந்த அறையில் ஏறக்குறைய ஒரே உரப்பில் வந்தன. எதுவும் உறுத்தவில்லை. ஆனால் நகரம் உறுத்தும். ஒலியளவின் அலகான டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு அது ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்தின் ஒலி 53 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும், இரவில் 45க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. செய்தியில் இந்த எண்களைப் படிக்கும் ஒருவருக்கு அவை எப்படிக் கேட்கும் என்று தெரியாது. அதை உணர்த்தக்கூடிய அறை உங்களிடம்தான் இருக்கிறது. இரவு 45 டெசிபல் எப்படி இருக்கும், பெருஞ்சாலை ஓரத்துப் படுக்கையறைக்குள் நுழையும் 65 எப்படி இருக்கும் என்று ஐந்து நிமிடம் கேட்கவையுங்கள். எத்தனை பக்க அறிக்கையும் செய்யாததை அந்த ஐந்து நிமிடம் செய்யும்.

இது முடியாத காரியம் அல்ல. அளவு தெரிந்த ஓர் ஒலியை எழுப்பும் அளவுத்திருத்தக் கருவியை மைக்கில் பொருத்தி, 94 டெசிபலில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடக்கத்திலேயே பதிந்துகொள்வது ஒலியளவு எடுப்பவர்களின் அன்றாட வழக்கம். அந்த வசதி இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஒலியளவுமானியை வைத்துக் குறித்துக்கொண்டாலும் போதும். பிறகு அறையில் அதே அளவுக்கு ஒலிபெருக்கிகளைச் சரிசெய்யலாம். காதுக்குத் தீங்கு தரும் அளவுகளை நான் கேட்கவில்லை. அவற்றை எழுத்தில் சொன்னால் போதும்.

அடுத்தது, எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது. மணியோசை, நீரூற்று, தெருப்பாடகர், மழை. இவை இனியவை, சரி. ஆனால் ஜெனரேட்டரும், குளிர்சாதனங்களின் முடிவில்லாத முனகலும், விடியுமுன் சரக்கு இறக்கும் லாரியும் எங்கே போயின? நகரவாசியின் நாளில் பெரும்பகுதியை நிரப்புபவை இவைதானே. 2014இல் வந்த ஐஎஸ்ஓ 12913 என்ற பன்னாட்டுத் தரநிலை, ஓரிடத்தின் ஒலிச்சூழலை அங்கிருக்கும் மனிதர்கள் எப்படி உணர்கிறார்கள், எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை வைத்தே வரையறுக்கிறது. கூவி விற்பவரின் குரல், வழிப்போக்கருக்குப் பாட்டு. கூவுகிறவருக்கு அன்றைய வருமானம். இரவுவேலை முடிந்து படுத்தவருக்குக் கெட்ட தூக்கம். மூவரின் பேச்சையும் அந்தக் குரலோடு சேர்த்துக் கேட்கவைக்கும் ஒரு மூலையாவது வேண்டும். இதைச் செய்யாத கண்காட்சி, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியாள் ஒருவரின் காதை மட்டுமே நம்பி அமைத்தது என்றுதான் சொல்வேன்.

நான் போன இடத்தில் சுவரில் 'சந்தை', 'காலை', 'மழை' என்றுதான் எழுதியிருந்தது. எந்தத் தெரு, எந்த மாதம், எத்தனை மணி என்ற விவரம் இல்லை. இதைத்தான் மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் பிறகு திரும்பிப் பெற முடியாதது இதுவே. கனடாவில் இசையமைப்பாளர் ஆர். மர்ரே ஷேஃபரும் அவர் குழுவினரும் வான்கூவர் நகரத்தின் ஒலிகளைப் பதிந்து 1973இல் வெளியிட்டார்கள். 1990களில் அதே நகரம் மீண்டும் பதிவுசெய்யப்பட்டு, பழையதும் புதியதும் பக்கத்தில் வைத்துக் கேட்கப்பட்டன. முதல் குழு நாடாக்களையும் குறிப்புகளையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது நடந்தது. உங்கள் கண்காட்சியின் பதிவுகள், திரை இறங்கியபின் யாருடைய வன்தட்டில் கிடக்கப்போகின்றன?

தெருவின் ஒலி கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிதாக விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மின்சாரக் காரும், மணிக்கு 20 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில், பாதசாரிகளுக்குக் கேட்கும்படி செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும். எந்த ஒலி என்று யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து வடிவமைக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சின்களின் தெரு எப்படி இருந்தது என்பதை இன்றே பதிந்து வைக்காவிட்டால், இருபது ஆண்டு கழித்து ஒப்பிட ஒன்றும் இருக்காது.

காது கேளாதோரையும் நினைவில் வையுங்கள். அதிரும் தரைப்பலகைகளும், ஒலியின் அலைகளைப் படமாக ஓடவிடும் திரையும் பெரிய செலவல்ல. அவர்களுக்கும் இது அவர்களுடைய நகரம்தான்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு பதிவோடும் இடம், நாள், நேரம், டெசிபல் அளவு, எந்த மைக் என்ற விவரங்களைச் சுவரில் எழுதுங்கள். நாலு வரி போதும். வெட்டி ஒட்டாத மூலப்பதிவுகளை, அதில் குரல் அடையாளம் தெரிபவர்களின் ஒப்புதலோடு, பொது ஆவணக் காப்பகம் ஒன்றில் யாரும் கேட்கும்படி ஒப்படையுங்கள். மைக்கை நிறுத்திய இடத்தையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள், பத்தாண்டு கழித்து வருகிறவர் அதே இடத்தில் நிற்க வேண்டுமல்லவா.

அன்புடன்,
அடுத்த கண்காட்சிக்கும் வரவிருக்கும் ஒருவர்